சார்ல்ஸ்டன் நகரின் நினைவுச் சின்னங்களை எந்த வரிசையில் பார்ப்பது, அவற்றின் பலகைகளை எப்படி வாசிப்பது?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் நகருக்கு மூன்று நாள் பயணமாகச் செல்லவிருப்பதாகவும், அந்தப் பழைய துறைமுக நகரில் தெருவுக்குத் தெரு நிற்கும் வரலாற்றுக் குறிப்புப் பலகைகளில் எவற்றை நம்புவது, எந்த இடங்களைத் தவறவிடக் கூடாது என்பது தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வழிகாட்டி நூல்கள் வண்ண வீடுகளையும் குதிரை வண்டிச் சவாரியையும் தாண்டி அதிகம் சொல்வதில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. எனவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சார்ல்ஸ்டன் தன் பழைய கட்டடங்களைக் காப்பதற்கு அமெரிக்காவின் மற்ற நகரங்களுக்கெல்லாம் முன்பாகச் சட்டம் செய்த நகரம்; அக்கட்டடங்களைத் தம் கைகளால் எழுப்பிய மனிதர்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதற்கு மிகவும் தாமதித்த நகரமும் அதுவே. ஆகவே எந்தப் பலகையின் முன் நின்றாலும், அது எந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது என்பதோடு, எந்த ஆண்டில், யாருடைய செலவில் நிறுவப்பட்டது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த விவரம் பலகையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் மேலே உள்ளதை மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவராவீர்கள்.

இந்தப் பலகைகளுக்குப் பின்னால் உள்ள நடைமுறையை அறிந்துகொள்வது உதவும். மாநில அரசின் குறிப்புப் பலகைத் திட்டம் 1936 முதல் நடந்துவருகிறது. பலகையின் வாசகத்தை மாநில ஆவணக் காப்பகத் துறை சரிபார்த்து ஒப்புதல் தருகிறது. ஆனால் பலகை வைக்க வேண்டும் என்று முன்வருவதும் அதற்கான செலவை ஏற்பதும் உள்ளூர்ச் சங்கங்கள், தேவாலயங்கள், கல்லூரிகள் போன்ற அமைப்புகள்தாம். மாவட்டங்களின் அகரவரிசைப்படி சார்ல்ஸ்டனுக்குப் பத்தாம் எண் என்பதால், இங்குள்ள மாநிலப் பலகைகளின் எண்கள் 10 என்று தொடங்கும். பணமும் செல்வாக்கும் யாரிடம் இருந்தனவோ அவர்கள் நினைவில் நிறுத்த விரும்பியவையே பல பத்தாண்டுகளாகத் தெருமுனைகளில் நின்றன என்பது இந்த ஏற்பாட்டின் இயல்பான விளைவு. கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் பலகைகளில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தவை. இவை தவிர, தனியார் சங்கங்கள் சுவர்களில் பதித்த வெண்கலப் பட்டயங்களும் ஏராளம். அவற்றுக்கு மாநிலத்தின் சரிபார்ப்பு கிடையாது. பல வீடுகளின் முகப்பில் ‘கரோலோபோலிஸ்’ என்று பொறித்த சிறு வட்டப் பலகையைக் காண்பீர்கள். அது நகரின் பாதுகாப்புச் சங்கம் 1953 முதல், வீட்டைப் பழைய வடிவம் கெடாமல் புதுப்பித்தவர்களுக்கு வழங்கும் பாராட்டு. அந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள், என்ன நடந்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நகரின் அமைப்பு எளிது. மேற்கே ஆஷ்லி ஆறும் கிழக்கே கூப்பர் ஆறும் சூழ, தெற்கே கடலை நோக்கி நீளும் ஒரு நிலமுனை அது. 1670இல் ஆங்கிலேயக் குடியேறிகள் முதலில் இறங்கியது ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில். இன்று அது மாநிலப் பூங்காவாக இருக்கிறது. பத்தாண்டுகளில் ஊரை இந்த நிலமுனைக்கு மாற்றிக்கொண்டார்கள். மன்னர் இரண்டாம் சார்ல்ஸின் பெயரால் சார்ல்ஸ் டவுன் என்று வழங்கிய ஊர், விடுதலைப் போர் முடிந்தபின் 1783இல் சார்ல்ஸ்டன் என்ற பெயரை ஏற்றது. தொடக்கத்தில் இது மதில் சூழ்ந்த ஊர். மதிலின் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இடிக்கப்பட்டாலும், அக்காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்று கம்பர்லண்ட் தெருவில் இன்னும் நிற்கிறது. 1713இல் முடிக்கப்பட்ட அந்தக் குட்டையான செங்கல் கட்டடம் மாநிலத்திலேயே மிகப் பழைய பொதுக் கட்டடம் எனப்படுகிறது. அரை மணி நேரம் போதும். ஆனால் தவிர்க்க வேண்டாம்.

உங்கள் முதல் நாளைப் பிராட் தெருவின் கிழக்கு முனையில் உள்ள பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் தொடங்குங்கள். 1767க்கும் 1771க்கும் இடையில் சுங்க அலுவலகமாகவும் வணிகர் கூடமாகவும் கட்டப்பட்ட இந்த ஒரே கட்டடத்தில் நகரின் வரலாறு முழுவதும் அடுக்கடுக்காக இருக்கிறது. அடித்தளத்தில் இறங்கினால் பழைய மதிலின் அரைவட்ட வடிவக் கொத்தளத்தின் மிச்சத்தைக் காணலாம். அதே அடித்தளத்தில், 1773 டிசம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 257 தேயிலைப் பெட்டிகள் வரி செலுத்தப்படாத சரக்கு என்று பூட்டிவைக்கப்பட்டன. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். இங்கே அதைக் காத்துவைத்து, பின்னர் விற்று, விடுதலைப் போருக்கே செலவிட்டார்கள். ஆங்கிலேயர் 1780இல் நகரைப் பிடித்தபோது இதே அடித்தளம் சிறைச்சாலையாயிற்று. மேல்மாடியில் 1788 மே மாதம் கூடிய பேரவை அமெரிக்க அரசியலமைப்பை ஏற்று வாக்களித்தது. 1791இல் நகருக்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு விருந்தும் நடனமும் நடந்தது இங்கேதான்.

இவ்வளவையும் கட்டடத்துக்குள்ளே விரிவாகக் காட்டுவார்கள். நீங்கள் வெளியே வந்து வடபுறத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும். பல பத்தாண்டுகள் மனிதர்களை ஏலம் விட்ட திறந்தவெளி அதுதான். தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் கடனுக்காகவும் சொத்துப் பிரிவினைக்காகவும் அங்கே விற்கப்பட்டன. வெளியூர்ப் பயணிகள் அதைப் பார்த்து எழுதியது நகரத்தாருக்குச் சங்கடமாக இருந்தது. தெருவில் நெரிசலும் மிகுந்தது. 1856இல் நகர்மன்றம் தடை செய்தது ஏலத்தை அல்ல, அதைத் திறந்தவெளியில் நடத்துவதை மட்டுமே. அரசியலமைப்பை ஏற்ற மண்டபமும் மனிதரை விற்ற முற்றமும் ஒரே சுவரின் இருபுறம் இருப்பதை நேரில் பார்ப்பதற்கு ஈடாக எந்த நூலும் இல்லை என்பது என் கருத்து.

அந்தத் தடையின் விளைவை அருகிலேயே பார்க்கலாம். வடமேற்கே சில நிமிட நடையில் சால்மர்ஸ் தெரு வரும். உருளைக்கற்கள் பாவிய பழைய தெரு, செருப்பு பார்த்து அணிந்து செல்லுங்கள். திறந்தவெளி ஏலம் தடுக்கப்பட்டதும் வணிகர்கள் மூடிய வளாகங்களை அமைத்துக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்றான ‘ரயன்ஸ் மார்ட்’ என்ற வளாகத்தின் ஏலக்கூடம் 1859இல் எழுந்தது. பெரிய வளைவு வாயிலும் எண்கோணத் தூண்களும் கொண்ட முகப்பு இன்றும் அப்படியே உள்ளது. விற்பனைக்குக் காத்திருந்தவர்களை அடைத்துவைத்த கட்டடமும் சமையலறையும் பிணவறையும் அதே வளாகத்தில் இருந்தன. அவை இப்போது இல்லை. 1863 இறுதி வரையில் இங்கே விற்பனை நடந்தது. 1938இல் மிரியம் வில்சன் என்ற பெண்மணி இதைத் தனி முயற்சியில் அருங்காட்சியகமாக்கினார். நகரத்தில் வேறு யாரும் இதைப் பற்றி வாய் திறக்காத காலம் அது. 1988இல் நகராட்சி கட்டடத்தை வாங்கியது. உள்ளே அறைகள் சிறியவை, வாசிக்க வேண்டியவை அதிகம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் நாற்சந்திக்கு வந்தால் ‘சட்டத்தின் நான்கு மூலைகள்’ என்று வழங்கும் இடம். ஒரு மூலையில் புனித மைக்கேல் தேவாலயம், மற்ற மூன்றில் நகர்மன்றம், மாவட்ட நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றமும் அஞ்சலகமும். தேவாலயம் 1752இல் தொடங்கி 1761இல் திறக்கப்பட்டது. அரசியலமைப்பில் கையெழுத்திட்ட ஜான் ரட்லெட்ஜும் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னியும் அதன் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். அதன் மணிகளின் கதை தனியானது. லண்டன் வைட்சாப்பல் பட்டறையில் 1764இல் வார்க்கப்பட்ட எட்டு மணிகளையும் ஆங்கிலேயப் படை 1782இல் போர்க்கொள்ளையாக எடுத்துச் சென்றது. லண்டன் வணிகர் ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்பினார். அடிமை முறையை ஒட்டி அமெரிக்காவின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் மூண்ட உள்நாட்டுப் போரின்போது, பாதுகாப்புக்காக மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்கு அனுப்பப்பட்டவை 1865 தீயில் சிதைந்தன. மீண்டும் அட்லாண்டிக்கைக் கடந்து, அதே பட்டறையில் மறுவார்ப்புப் பெற்றுத் திரும்பின. மணியோசை கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்மூலையில் உள்ள நகர்மன்றக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கியாக எழுந்து, 1818 முதல் நகர்மன்றமாக இருப்பது. அடிமை உழைப்பில் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்திலேயே 2018 ஜூன் 19 அன்று, அடிமை முறையில் நகரம் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவாக 7 வாக்குகள், எதிராக 5. அந்தக் குறுகிய வித்தியாசத்தை வைத்தே இந்த நகரின் நினைவுச் சின்னங்களைச் சுற்றி இன்றும் நிலவும் பதற்றத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டாம் நாள் கூப்பர் ஆற்றங்கரையில் உள்ள கேட்ஸ்டன் துறைக்குச் செல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிறிஸ்டோபர் கேட்ஸ்டன் என்ற வணிகர் அமைத்த பெரிய கப்பல்துறை அது. அரசியலமைப்பு 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது என்று நாடாளுமன்றத்தைக் கட்டியிருந்தது. அந்தக் கெடு முடிவதற்குள் லாபம் பார்த்துவிட வேண்டும் என்று தென் கரோலினா தான் விதித்திருந்த தடையை 1803இன் இறுதியில் நீக்கியது. அடுத்த நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஆப்பிரிக்கர்கள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். விலை ஏறட்டும் என்று கிடங்குகளில் அடைத்துவைக்கப்பட்டதில் குளிரிலும் நோயிலும் இறந்தவர்கள் பலர். அந்த மண்ணின்மேல் இப்போது பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் நிற்கிறது; 2023 ஜூனில் திறக்கப்பட்டது. கட்டடம் அந்த மண்ணைத் தொடக் கூடாது என்பதற்காக, 18 தூண்களின்மேல் 13 அடி உயரத்தில் எழுப்பியிருக்கிறார்கள். கீழே உள்ள நினைவுத் தோட்டம் அனைவருக்கும் திறந்தது. அங்கே நீர் ஏறி இறங்கும் தரையில், கப்பலின் அடித்தட்டில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனித உருவங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அருங்காட்சியகத்துக்குள் செல்ல முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

தமிழ் வாசகர்கள் இங்கே அறிந்துகொள்ள வேண்டிய ஒரு தொடர்பும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய பருத்தித் துணிகள் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் லண்டனுக்குப் போயின. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த பண்டங்களுள் ஒன்றாயின. நம் நெசவாளர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த வணிகச் சங்கிலியின் ஒரு கண்ணி நம் கரையில் இருந்தது.

நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்ல்ஸ்டனின் செல்வம் முதன்மையாக நெல்லிலிருந்து வந்தது. ஆற்றின் ஏற்றவற்றத்தைக் கொண்டு வயலுக்கு நீர் பாய்ச்சி, மதகு வைத்து அளவாக வடிக்கும் வேளாண்மைக்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பும் அறிவும் அடிப்படையாக இருந்தன. அவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள், ஒருகாலத்தில் நெல் புடைக்கும் முறங்களாகப் பின்னிய அதே கைத்திறனில் இன்றும் கோரைக் கூடைகள் முடைகிறார்கள். நகரச் சந்தையில் 1841இல் கட்டப்பட்ட மண்டபத்துக்குப் பின்னால் நீளும் கொட்டகைகளில் அமர்ந்து முடைவதைப் பார்க்கலாம். விலை அதிகம் என்று தோன்றும். ஒரு கூடைக்குப் பிடிக்கும் நாட்களைக் கேட்டறிந்தால் பேரம் பேச மனம் வராது.

அதே நாளின் பிற்பகலை கல்ஹூன் தெருவுக்கு ஒதுக்குங்கள். இந்த நகரத்தின் சின்னங்கள் ஒன்றோடொன்று வாதாடுவதை இங்கேதான் மிகத் தெளிவாகக் காணலாம். ஜான் கல்ஹூன் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர்; அடிமை முறை ஒரு நன்மையே என்று செனட் அவையில் வாதிட்டவர்; 1850இல் இறந்து, புனித பிலிப் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர். அவருக்கு மேரியன் சதுக்கத்தில் 1887இல் ஒரு சிலை வைத்தார்கள். 1896இல் அதை அகற்றி, நூறடிக்கும் மேலான தூணின் உச்சியில் வேறொரு சிலையை நிறுத்தினார்கள். முதல் சிலை கைக்கெட்டும் உயரத்தில் இருந்ததால் கறுப்பினச் சிறுவர்கள் கல்லெறிந்து சிதைத்தார்கள் என்றும், அதனாலேயே அடுத்தது அவ்வளவு உயரம் ஏறியது என்றும் அம்மக்களிடையே ஒரு நினைவு வழிவழியாக வழங்கிவந்தது. 2020 ஜூன் மாதம் நகர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்து அந்தச் சிலையை இறக்கியது. பொது இடங்களில் உள்ள போர் நினைவுச் சின்னங்களை உள்ளூராட்சிகள் தாமாக அகற்றுவதை மாநிலத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கல்ஹூன் சிலை போர் நினைவுச் சின்னம் அல்ல, நிலமும் நகராட்சிக்குச் சொந்தமானது அல்ல என்பது நகரத்தின் வாதமாக இருந்தது. தெருவின் பெயர் மட்டும் மாறவில்லை.

அதே தெருவில், சதுக்கத்துக்கு மிக அருகில், ‘மதர் இமானுவேல்’ என்று அன்போடு அழைக்கப்படும் கறுப்பினத் தேவாலயம் உள்ளது. அதன் சபை 1810களில் உருவானது. தச்சரான டென்மார்க் வீசி அச்சபையோடு தொடர்புடையவர். 1799இல் பரிசுச்சீட்டில் கிடைத்த பணத்தைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கியவர். மனைவி மக்களின் விடுதலையை அவரால் வாங்க முடியவில்லை. 1822இல் அடிமைகளைத் திரட்டி எழுச்சிக்குத் திட்டமிட்டதாக அவரும் பிறரும் பிடிபட்டார்கள்; மூடிய விசாரணைக்குப் பின் 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; தேவாலயம் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் பிறகு நகரத்தாருக்கு உறக்கமில்லை. துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களின் கறுப்பின மாலுமிகளைக்கூட, கப்பல் புறப்படும்வரை சிறையில் அடைக்கச் சட்டம் வந்தது. நகரைக் காக்க எழுந்த ஆயுதக்கிடங்கே பின்னர் 1842இல் சிட்டாடல் என்ற படைத்துறைக் கல்லூரியாயிற்று. மேரியன் சதுக்கத்தின் ஓரத்தில் கோட்டை போன்ற முகப்போடு நிற்கும் அந்தக் கட்டடம் இப்போது தங்கும் விடுதி. உள்ளே தங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது ஏன் அவ்வளவு தடித்த சுவர்களோடு கட்டப்பட்டது என்று தெரியுமோ!

சபை அழியவில்லை. கறுப்பினத் தேவாலயங்களைச் சட்டம் தடுத்த காலத்தில் மறைவாகக் கூடியது. போருக்குப் பின் வெளிப்படையாக எழுந்தது. இன்றைய கட்டடம் 1891இல் எழுந்தது. 2015 ஜூன் 17 மாலை அங்கு நடந்த வேத வகுப்பில், வரவேற்று அமரவைக்கப்பட்ட ஒரு வெள்ளை இனவெறியன் போதகர் கிளமென்டா பிங்க்னி உள்ளிட்ட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அது இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம் என்பதை மறவாமல், அமைதியாகச் சென்று வாருங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கும் வீசியின் பெயரிலேயே ஒரு சான்று உண்டு. புல் தெரு 56ஆம் எண் வீடு அவருடைய இல்லம் என்ற அடிப்படையில் 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த வீடு அவர் இறந்தபின் கட்டப்பட்டிருக்கக்கூடும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் அந்த அறிவிப்பு வந்த காலத்தில் அவர் பெயரைத் தாங்கிய வேறு சின்னம் எதுவும் நகரத்தில் இல்லை என்பதை நினைத்தால், அப்பிழையையும் ஒரு வரலாற்று ஆவணமாக மதிக்கத் தோன்றுகிறது. அவருடைய வெண்கலச் சிலையை ஹாம்ப்டன் பூங்காவில் 2014இல் நிறுவினார்கள். எதிர்ப்புகளைத் தாண்டி அதை நிறுவ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. சதுக்கத்தில் இடம் கிடைக்காமல்தான் நகரின் வடபகுதிக்கு அது போனது.

ஹாம்ப்டன் பூங்காவுக்குச் செல்ல அது ஒன்றே காரணம் அல்ல. பழைய காலத்தில் அது குதிரைப் பந்தயத் திடல். உள்நாட்டுப் போரின் இறுதியில் வடபகுதிப் போர்க்கைதிகளை அடைத்த திறந்தவெளிச் சிறை. நோயிலும் பட்டினியிலும் இறந்த 250க்கும் மேற்பட்டோரைப் பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவசரமாகப் புதைத்திருந்தார்கள். 1865 பிப்ரவரியில் நகரம் விடுபட்டதும், அடிமைத்தளை நீங்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் அந்த உடல்களை முறையாக மறு அடக்கம் செய்து, வேலி அமைத்து, நுழைவாயிலும் எழுப்பினார்கள். மே 1 அன்று பள்ளிப் பிள்ளைகள் முன்செல்ல, ஏறத்தாழ 10,000 பேர் மலர்களோடு ஊர்வலமாக வந்து அஞ்சலி செலுத்தினார்கள். அமெரிக்கா முழுவதும் இன்று கடைப்பிடிக்கும் போர்வீரர் நினைவு நாளின் மிக முந்தைய கொண்டாட்டங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் கருதுகிறார்கள். பின்னாளில் உடல்கள் போஃபோர்ட் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. நிகழ்ச்சியை நகரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறந்தே போயிருந்தது. இப்போது ஒரு பலகை இருக்கிறது. பூங்காவோ இன்னும் தென்பகுதிப் படைத் தளபதி வேட் ஹாம்ப்டனின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் போராட்டங்களைச் சொல்லும் பலகைகளைப் பயணிகள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கிங் தெருவில் பழைய கிரஸ் கடையின் கட்டடத்தருகே நின்று பாருங்கள். 1960 ஏப்ரல் 1 அன்று பர்க் உயர்நிலைப் பள்ளியின் 24 மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் அமர்ந்து கைதானது அங்கேதான். கிழக்கு பே தெருவில் உள்ள சுருட்டு ஆலை, 1945 அக்டோபரில் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின் களம். அங்கே மறியலில் நின்ற பெண்கள் பாடிய தேவாலயப் பாடல்தான் பிறகு உருமாறி, ‘நாங்கள் வெல்வோம்’ என்று கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கம் முழுவதும் ஒலித்தது. 1969இல் மருத்துவமனைகளின் கறுப்பினப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், நூறு நாட்களுக்குக் குறையாமல் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு ஆஷ்லி அவென்யூவில் பலகை உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் அப்பணியாளர்களோடு ஊர்வலம் வந்தார்.

வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தெருவுக்கு ஒரே ஓர் அறையின் அகலத்தை மட்டும் காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நீண்ட மாடித் தாழ்வாரங்களோடு உள்ளே நீளும் வீடுகள் இந்த நகரத்துக்கே உரியவை. கடற்காற்றைப் பிடிப்பதற்கான அமைப்பு அது. கிழக்கு பே தெருவில் வரிசையாக நிற்கும் 13 வண்ண வீடுகளை எல்லோரும் படமெடுப்பார்கள். 1930களின் தொடக்கத்தில் டாரதி லெக் என்பவர் தம் வீட்டுக்கு இளஞ்சிவப்பு பூசியதிலிருந்து அந்த வண்ணவரிசை தொடங்கியது. அதற்கு முன் அவை சிதிலமடைந்து, ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த வீடுகள். பெண்களின் வாக்குரிமைக்கும் போராடியவரான சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட் 1920இல் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். 1931இல் நாட்டிலேயே முதன்முதலாக வரலாற்றுப் பகுதிக்கான கட்டட விதிகளை நகரம் இயற்றியது. அவர்கள் இல்லையென்றால் இன்று பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. வீடுகள் மீண்டன, அவற்றில் குடியிருந்தவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பலகை இல்லாத சின்னங்கள் சுவர்களிலேயே உள்ளன. பழைய வீடுகளின் வெளிச்சுவரில் வட்டமாகவும் நட்சத்திரமாகவும் சிலுவையாகவும் இரும்பு வில்லைகள் தெரியும். 1886 ஆகஸ்ட் 31 இரவு நகரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, பிளந்த சுவர்களை இழுத்துக் கட்ட வீட்டின் குறுக்கே செலுத்திய இரும்புத் தண்டுகளின் முனைகள் அவை. செங்கற்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் விரல் பதிந்த குழிகள் இருக்கும். ஈரமான கல்லைப் புரட்டிப் போட்ட அடிமைகளின் விரல்கள். சில குழிகள் குழந்தை விரல் அளவே. எலிசபெத் தெருவின் எய்க்கன் ரெட் மாளிகைக்கு அவசியம் செல்லுங்கள். மற்ற மாளிகைகளைப் போல் மெருகிடாமல், கிடைத்த நிலையிலேயே காத்துவருகிறார்கள். உரிந்த சுவர்த்தாளும், பின்கட்டில் சமையலறைக்கு மேல் அடிமைகள் வாழ்ந்த அறைகளும் அப்படியே உள்ளன. நேரம் குறைவென்றால் மற்ற மாளிகைகளை விட்டுவிட்டு இது ஒன்றைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் கடலுக்கு. சம்ட்டர் கோட்டை துறைமுக வாயிலில் செயற்கையாக எழுப்பிய தீவின்மேல் நிற்கிறது. படகில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், காலைப் படகே நல்லது. 1861 ஏப்ரல் 12 அதிகாலை 4:30 மணிக்கு அக்கோட்டையின்மேல் விழுந்த குண்டுகளோடு உள்நாட்டுப் போர் தொடங்கியது. கோட்டைத் தலைவர் ராபர்ட் ஆண்டர்சன் இறக்கிச் சென்ற அதே கொடியை, நான்காண்டுகள் கழித்து 1865 ஏப்ரல் 14 அன்று அவரே வந்து ஏற்றினார். படகில் செல்லும்போது ராபர்ட் ஸ்மால்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1862 மே 13 அதிகாலையில், அடிமை மாலுமியான அவர் ‘பிளான்டர்’ என்ற தென்பகுதிப் படைக் கப்பலைத் தம் குடும்பத்தோடும் தோழர்களோடும் கைப்பற்றி, தலைவனின் தொப்பியை அணிந்து, சரியான சங்கேத ஒலிகளை எழுப்பி, சம்ட்டர் கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டி வடபகுதிக் கடற்படையிடம் சேர்ப்பித்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். கிழக்கு பே தெருவில், அவர் புறப்பட்ட துறையருகே அவருக்கு ஒரு பலகை உண்டு. அதற்குத் தெற்கே வைட் பாயின்ட் பூங்காவில் தென்பகுதிப் படையினருக்கு 1932இல் எழுப்பிய பெரிய நினைவுச்சின்னத்தையும் காண்பீர்கள். இரண்டின் அளவையும் ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிற்பகலில் சல்லிவன் தீவுக்குச் சாலை வழியே செல்லலாம். அங்குள்ள மோல்ட்ரி கோட்டை 1776 ஜூன் 28 அன்று, பனைவகை மரத்தின் அடிமரங்களை அடுக்கிய சுவரால் ஆங்கிலேயக் கப்பற்படையின் குண்டுகளைத் தாங்கி நின்றது. அந்த மரமே மாநிலக் கொடியில் உள்ளது. தம் மண்ணுக்காகப் போராடி, சமாதானக் கொடியின்கீழ் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, 1838 ஜனவரியில் இங்கே சிறையிலேயே இறந்த, செமினோல் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் ஓசியோலாவின் கல்லறை வாயிலருகே உள்ளது. இத்தீவில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களைத் தொற்றுநோய் அச்சத்தால் ஊருக்குள் விடாமல் தடுத்துவைத்தார்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாக வந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அம்மக்களை நினைக்க, சாலையோரத்தில் அமர ஒரு சிறு இருக்கைகூட இல்லையே என்று எழுத்தாளர் டோனி மாரிசன் 1989இல் வருந்தியிருந்தார். அதைக் கேட்டவர்கள் 2008இல் அவர் முன்னிலையிலேயே இத்தீவில் நீரை நோக்கி ஓர் எளிய கறுப்பு இருக்கையை வைத்தார்கள்.

நடைமுறைக்குச் சில சொற்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் ஈரக்காற்றும் சென்னையை ஒத்திருக்கும். காலை பத்து மணிக்குள் நடையை முடித்துக்கொண்டு, நண்பகலை அருங்காட்சியகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகரின் தாழ்ந்த பகுதிகளில், குறிப்பாகச் சந்தைப் பகுதியில், மழையே இல்லாத நாளிலும் கடல் ஏற்றத்தால் தெருவில் நீர் ஏறுகிறது. கடல்மட்டம் உயர உயர இது அடிக்கடி நிகழ்கிறது. எனவே புறப்படும் முன் அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு நடப்பதானால், கல்லா கீச்சி மக்களில் ஒருவர் நடத்தும் சுற்றுலாவைத் தேர்ந்தெடுங்கள். சம்ட்டர் கோட்டைப் படகுக்கும் கேட்ஸ்டன் துறை அருங்காட்சியகத்துக்கும் ஊர் சேர்வதற்கு முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள். மற்ற இடங்களுக்கு அந்தந்த நாளில் போய் வாங்கினால் போதும்.